ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு: நாகர்கோவில் பக்கம் ஓட்டிப் படித்த அனுபவம்

லாரி ஓட்டக் கை பலம் வேண்டும் என்று நினைத்துத்தான் பலரும் ஹெவி வகுப்புக்கு வருகிறார்கள். பவர் ஸ்டீயரிங் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. படிக்க வேண்டியது வண்டியின் பின்பக்கத்தை. முதுகுக்குப் பின்னால் இருபது, முப்பது அடிக்கு நீண்டு கிடக்கிற பாடி எங்கே போகிறது, எதை உரசப் பார்க்கிறது என்பது கண்ணாடியைப் பார்க்காமலே மனதில் ஓட வேண்டும். அதற்கப்புறமும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இந்தப் படிப்பின் பெரும்பகுதி இதுதான்.

முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயது நிறைந்திருக்க வேண்டும். கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள், ஆகவே படிப்பு இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். டாக்டர் சான்றிதழ் கட்டாயம். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கண்ணில் சந்தேகம் இருந்தால் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுவதற்கு முன்பே கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும்.

டிரைவிங் ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். சரக்கு வண்டி, பஸ் போன்றவற்றுக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் கையில் ஸ்டீயரிங் பிடித்து 15 மணி நேரம் என்று விதியே இருக்கிறது. அந்த 15 மணி நேரமும் உங்களுக்குக் கிடைக்குமா, ஒரு வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவார்கள், ரிவர்ஸ் தனியாகச் சொல்லித் தருவார்களா என்று கேளுங்கள்.

எனக்குச் சொல்லித் தந்த ஆசான் பழைய ஆள். மைதானத்தில் ஒரு மூலையைக் கோடு போட்டு, அதன் முனையில் ஒரு குரும்பையை, அதாவது தேங்காய்ப் பிஞ்சை, வைப்பார். "மக்கா, முன் டயரை விட்டுடு, அது எங்க போவுதுன்னு ஒனக்கே தெரியும். பின் டயர் இந்தக் குரும்பைய மிதிக்காமத் திரும்பணும்," என்பார். இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஆகவே மூலை வந்ததும் ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது. வண்டியின் மூக்கை மூலை தாண்டி நேராகக் கொண்டுபோய், பின் சக்கரம் மூலைக்குக் கிட்டே வருவதை இடது கண்ணாடியில் பார்த்து, அப்போது ஒடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இடது பக்கம் கிடைக்கும் இடைவெளியில்தான் ஸ்கூட்டர் நுழைகிறது. கோட்டாறு சந்தைப் பக்கமோ தக்கலை, குழித்துறை முக்குகளிலோ நின்று பார்த்தால் தெரியும். நம் மாவட்டத்தில் வீடும் கடையும் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன, ஒதுங்க இடமில்லை. அந்தக் குரும்பை இருந்த இடத்தில் ஒரு அம்மாவும் பிள்ளையும் இருப்பார்கள் என்பதை மறக்கவே கூடாது.

அடுத்தது காற்று. ஏர் பிரேக் வண்டியில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியதும் பஸ்ஸர் கத்தும். மீட்டரில் முள் ஏறி, பஸ்ஸர் நிற்கும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. காற்று இல்லாவிட்டால் கால் பிரேக் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கில் ஸ்பிரிங்தான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, காற்று போதுமான அளவு வந்தால்தான் அது விடும். இதைப் புரிந்துகொண்டவர் டெஸ்டு அன்று பதறி ஆக்ஸிலேட்டரை மிதிக்க மாட்டார்.

டெஸ்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கவனிப்பது வேகத்தை இல்லை. ஏறும் முன் கண்ணாடியைச் சரி செய்தீர்களா, கை சிக்னல் தெரிகிறதா, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளுகிறதா, குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸ் போக முடிகிறதா என்று பார்ப்பார். ரிவர்ஸில் பின்னால் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கலாம், அது குறை இல்லை. தினமும் ஓட்டுகிற மூத்த டிரைவர்களே இறங்கிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். ஏற்றத்தில் எடுக்க அவசரமே வேண்டாம். கிளட்ச் கடிக்கும் இடம் காலுக்குத் தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் லோடு என்றால் என்ன என்று தெரியும். ஸ்கூல் வண்டி எப்போதும் காலி. அதே வண்டியில் ஜல்லி ஏற்றிவிட்டால் நிற்கும் தூரமே வேறு. வில்லுக்குறியில் இருந்து மார்த்தாண்டம் வரை ரோடு வளைந்து வளைந்து, ஏறி இறங்கிப் போகும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடுகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இன்ஜின் பிடிமானம் போய்விட்டால் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், டிரம் சூடாகிப் பிடிப்புக் குறையும். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் கிட்டத்தட்ட அதே கியர் போதும், கூட எக்ஸாஸ்ட் பிரேக் (இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைப்பது).

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றும் ஒரு பாடம். காலிக் கண்டெய்னரும் உயரமாகத் தார்ப்பாய் கட்டிய லோடும் அங்கே தள்ளாடும். முப்பந்தல் காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுங்கள்.

முதல் வேலை பற்றி ஒரு வார்த்தை. நடைக்கு, அதாவது ஒரு டிரிப்புக்கு, இவ்வளவு என்று கூலி பேசும் டாரஸ் (பல சக்கரப் பெரிய) லாரி வேலைக்கு எடுத்த எடுப்பில் போக வேண்டாம். நடை கூடினால்தான் பணம் என்றால், புது டிரைவரின் கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போகும். கல், மணல் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை நோக்கி ஓடும் வண்டிகளால் நம் ஊர்களில் எத்தனை பேர் பயந்து ரோட்டைக் கடக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மாதச் சம்பளத்துக்கு, அனுபவமுள்ள அண்ணன் ஒருவர் கூட வரும் வண்டியில் இரண்டாவது டிரைவராகச் சேருங்கள். சம்பளம் கொஞ்சம் குறையும். ஆனால் தார்ப்பாய் கட்டுவது, இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே சிக்கிய கல்லை எடுப்பது, மழையில் எவ்வளவு இடைவெளி விடுவது, தூக்கம் வந்தால் எங்கே ஓரங்கட்டுவது என்று எந்த ஸ்கூலும் சொல்லித் தராத விஷயங்களை அவர்தான் சொல்லித் தருவார்.