பத்தடி அறையும் மூன்று ரெபரன்ஸ் பாட்டும்: மிக்சிங் சோதனையை இரண்டு தரம் எடுத்தவனின் குறிப்பு

முதல் தரம் அனுப்பிய மிக்ஸுக்கு, அதாவது வாத்தியங்களின் சத்தத்தைச் சமப்படுத்திச் சேர்த்த பாட்டுக்கு, பரீட்சகரிடமிருந்து வந்த பதில் மூன்றே வரி. நடு வரி இது: கிக் கேட்கிறது, பேஸ் கேட்கவில்லை. கிக் என்பது பெரிய ட்ரம்மின் அடி, பேஸ் என்பது கீழ்ச்சுரத்தில் ஓடுகிற ஒலி. வாசித்துவிட்டு அறைக்குள் போய்ப் பாட்டைத் திரும்பவும் போட்டேன். கதிரை அதிருகிற அளவுக்கு பேஸ். "அந்த மனுசனுக்குக் காது அடைச்சுப்போச்சு அம்மா" என்றுதான் அன்றைக்குச் சொன்னேன்.

வெளிநாட்டுக் கற்கைநெறி ஒன்று. எலக்ட்ரோனிக் இசைத் தயாரிப்பு. யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்தே படித்தேன். கடைசிச் சோதனைக்குச் சொந்தப் பாட்டு ஒன்றின் மிக்ஸ், எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று எழுதிய குறிப்பேடு, பிறகு ஸூமில் வாய்மொழிச் சோதனை. முதல் தரம் மிக்ஸில் தவறினேன், இரண்டாம் தரம் சித்தி. இசை மென்பொருளோடு சேர்க்கிற ப்ளக்இன் ஒன்றும் புதிதாக வாங்கவில்லை. ரெபரன்ஸ் ட்ராக்கை, அதாவது நம் மிக்ஸோடு ஒப்பிட்டுக் கேட்க வைத்துக்கொள்கிற தொழில்முறைப் பாட்டை, ஒழுங்காகப் பாவிக்கப் பழகினேன், அவ்வளவுதான். முதல் தரமும் பாவித்தனான்தான். பாவித்த விதம் பிழை.

பிழையை விளங்கிக்கொள்ள என் அறையைச் சொல்லவேண்டும். நீளமும் அகலமும் பத்தடி, சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம், மூலையில் இரும்பு அலுமாரி. ஸ்பீக்கர் ஒரு சுவரோடு, என் கதிரை எதிர்ச்சுவரோடு. நம்முடைய வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். பத்தடி என்பது 3.05 மீற்றர். 349ஐ அதன் இரண்டு மடங்கால், 6.1ஆல், பிரித்தால் 57 ஹேர்ட்ஸ். அந்த அதிர்வெண் இரண்டு சுவருக்கும் நடுவில் நின்று ஆடும்: சுவரோரம் ஊதிப்போய்க் கேட்கும், அறை நடுவில் மெலிந்துபோகும். சதுர அறை என்றால் நீளத்துக்கும் அகலத்துக்கும் அதே 57தான், தலையிடி இரட்டிப்பு. என் பாட்டின் பேஸ் நின்றது ஏ சுரத்தில், 55 ஹேர்ட்ஸில். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அறை ஊதிக்காட்டிய பேஸுக்குப் பயந்து, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் அதை 6 டெசிபெல் வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

அதே கதிரையில் இருந்து, அதே சுரத்தில் பேஸ் உள்ள தொழில்முறை ஹவுஸ் பாட்டு, அதாவது கிளப் நடனப் பாட்டு, ஒன்றைக் கேட்டிருந்தால் அதுவும் இப்படித்தான் கதிரையை ஆட்டியிருக்கும். ஓகோ, இது அறையின் வேலை என்று கையை எடுத்திருப்பேன். வட இலங்கை சங்கீத சபைச் சோதினைக்கு மிருதங்கம் பழகின காலத்தில், சுருதிப்பெட்டியைப் போடாமல் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க மாஸ்ரர் விடமாட்டார். "உன்ர காதைக் கேளாத, பெட்டியைக் கேள்" என்பார். பதினைந்து வருசம் கழித்து லப்டொப்புக்கு முன்னால் அதே பாடத்தைத் திரும்பப் படித்தேன், இந்த முறை டொலரில் காசு கட்டி.

பாட்டைத் தெரிவு செய்வதில் நான் விட்ட மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆகப் பிடித்த சினிமாப் பாட்டை எடுத்தேன். அதில் வயலின் கூட்டமே இருக்கிறது. என் பாட்டில் நாலு சிந்தசைசர் ஒலி, ஒரு கிக். எதை எதோடு ஒப்பிடுவது? இரண்டாம் தரம் மூன்று பாட்டு வைத்துக்கொண்டேன். ஒன்று என் பாட்டின் வகையும் வேகமும், பேஸின் சுரமும் அண்டியது. பேஸ் சுரத்தைப் பலர் பார்ப்பதில்லை. ஈ சுரத்தில் 41 ஹேர்ட்ஸில் நிற்கிற பாட்டோடு 55இல் நிற்கிற பாட்டை ஒப்பிட்டால் கீழ்ப்பகுதி பொருந்தவே மாட்டாது. இரண்டாவது, குரல் உள்ள பாட்டு. மூன்றாவது, பல வருசமாக எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டு மனப்பாடமான பாட்டு. இது மிக்ஸை ஒப்பிட அல்ல, அன்றைக்கு என் காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க.

யூரியூப்பில் இறக்கிய கோப்பை வைத்து இந்த வேலை செய்யவேண்டாம். 128 கிலோபிட் எம்பீத்திரீயில் பெரும்பாலும் 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டுப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ட்ரம் செட்டின் சின்னத் தாளத்தட்டான ஹைஹெட்டின் மினுக்கத்தைக் குறைப்பீர்கள். பாண்ட்காம்ப், பீட்போர்ட் என்ற இணையக் கடைகளில் சுருக்காத வேவ் கோப்பாக வாங்கலாம். ஐந்து நிமிடப் பாட்டு 50 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் கூட வரும். வெளிநாட்டுக்குக் கட்ட அட்டை இல்லாதவர்கள் பாரிசிலோ கனடாவிலோ இருக்கிற மச்சானைப் பிடியுங்கள்; யாழ்ப்பாணத்தில் அப்படி ஒருத்தர் இல்லாத வீடு குறைவு.

இனி, முக்கால்வாசிப் பேர் தவறுகிற இடம்: சத்த அளவு. கடையில் விற்கிற பாட்டு மாஸ்டரிங், அதாவது சத்தத்தையும் ஏற்றுகிற கடைசி மெருகு, முடிந்து வந்தது. கிளப்புக்குச் செய்தவை, காதுக்குத் தெரிகிற சத்தத்தை அளக்கிற லஃப்ஸ் அலகில், மைனஸ் 8 அளவில்கூட நிற்கும். என் மிக்ஸ் மைனஸ் 18இல் நின்றது. பத்து டெசிபெல் வித்தியாசம். காதுக்குச் சத்தம் கூடினதெல்லாம் நல்லதாகத்தான் தெரியும். நான் செய்தது என்ன? ரெபரன்ஸைப் பிடிக்க, எல்லா ட்ராக்கும் சேர்ந்து வெளியே போகிற என் மாஸ்டரில், உச்சத்தை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டுகிற லிமிட்டரை ஏற்றி ஏற்றி, கிக்கை சப்பாத்தி மாதிரித் தட்டையாக்கினேன். செய்யவேண்டியது நேர் எதிர்: ரெபரன்ஸின் ஃபேடரைக் கீழே இறக்கவேண்டும். யூலீன் லவுட்னஸ் மீற்றரின் இலவசப் பதிப்பே போதும். இரண்டு பாட்டிலும் ஆகச் சத்தமான இடத்தை எடுத்து, இலக்கம் ஒன்றாகும்வரை ரெபரன்ஸை இறக்குங்கள், மிச்சத்தைக் காதால் சரிபாருங்கள். இறக்கின கணத்திலேயே தொழில்முறைப் பாட்டின் பகட்டு பாதி போய்விடும். மிஞ்சி நிற்கிற மற்றப் பாதியில்தான் படிக்க விசயம் இருக்கிறது.

இன்னொரு பொறி. ரெபரன்ஸை உங்கள் புரொஜெக்ட்டுக்குள் போட்டால் அது உங்கள் மாஸ்டர் வழியாகத்தான் வெளியே வரும். மாஸ்டரில் ஈக்யூவோ, சத்த ஏற்ற இறக்கத்தை அமுக்குகிற கொம்ப்ரசரோ இருந்தால் ரெபரன்ஸும் அதற்குள் அகப்பட்டு நசியும். இரண்டு கிழமை அப்படியே கேட்டுவிட்டு, "பெரிய ஆக்களின்ர மிக்ஸும் இப்படித்தான் இருக்கு" என்று திருப்திப்பட்டவன் நான். ரீப்பர் மென்பொருளில் அந்த ட்ராக்கின் மாஸ்டர் சென்டை, அதாவது மாஸ்டருக்குப் போகிற இணைப்பை, எடுத்துவிட்டு நேரே ஹார்ட்வெயார் அவுட்டுக்குக் கொடுக்கவேண்டும். ஏபிள்டன் மென்பொருளில் ஓடியோ டு என்ற இடத்தில் எக்ஸ்ட் அவுட்.

கேட்கும் முறைக்கு ஒரு கொப்பி வைத்தேன். ஒரு தரத்துக்கு ஒரு கேள்வி, அதுக்கு மேலே இல்லை. கிக் மேலே நிற்கிறதா, பேஸா? என் பாட்டில் எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று, ரெபரன்ஸிலும் எட்டு பார். கிக்கும் பேஸும் முழுதாக வந்து இறங்குகிற ட்ரொப்போடு ட்ரொப், தொடக்கத்தோடு தொடக்கம். பதிலை எழுதிவிட்டு நிறுத்திவிடுவேன். ஆகப் பிரயோசனப்பட்டது, இரண்டையும் 120 ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் கேட்டது. ரெபரன்ஸில் கிக் அடிக்கிற நேரம் பேஸ் விலகி வழிவிட்டது. என்னுடையதில் இரண்டும் ஒழுங்கைக்குள் எதிரெதிரே வந்த ஓட்டோ மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. கிக் அடிக்கிற நேரம் பேஸைத் தானாக அமுக்குகிற சைட்செயின் கொம்ப்ரஷன் பற்றிப் பாடத்தில் வாசித்திருந்தேன். ஏன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

கேட்கிற சத்தம் ஒரே அளவில் இருக்கவேண்டும். குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து எழுதிய விசயம். இரவில் அம்மா எழும்பிவிடுவா என்று மெல்லமாக வைத்து பேஸைக் கூட்டினால், காலையில் அயலே வந்து கேட்கும். நான் விடிய நாலரைக்கு எழும்பி, கோயில் மணிக்கு முன்னம் ஒரு மணித்தியாலம் வேலை செய்தேன். ஃபான் நிற்பாட்டித்தான், ஃபான் இரைச்சலுக்குள் ரிவேர்ப்பின், அதாவது எதிரொலி முழக்கத்தின், வால் கேளாது. வேர்வையைத் தாங்கவேண்டும், வேறு வழியில்லை.

போனிலும் கேட்டுப் பாருங்கள், ரெபரன்ஸையும் சேர்த்து. போன் ஸ்பீக்கருக்கு 55 ஹேர்ட்ஸ் எட்டாது. அப்படியிருந்தும் ரெபரன்ஸின் பேஸ் போனில் கேட்டது, என்னுடையது காணாமல் போனது. அவர்களுடைய பேஸுக்கு 110, 165, 220 என்று மேலே ஏறிக்கொண்டே போகிற மேற்சுரங்கள் இருந்தன, போனுக்கு எட்டுகிறவற்றைக் காது பிடித்துக்கொண்டு அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். என்னுடையது மேற்சுரமே இல்லாத வெறும் சைன் அலை. ஒலியை மெல்லச் சிதைத்து மேற்சுரம் சேர்க்கிற சச்சுரேஷனைக் கொஞ்சம் போட்டவுடன் போனிலும் எழும்பி வந்தது. பருத்தித்துறை மினிபஸ் ஓடுகிற ஒன்றுவிட்ட அண்ணை பென்டிரைவை வாங்கிப் போட்டுவிட்டு, "இப்பத்தான்ரா பாட்டு மாதிரிக் கிடக்கு" என்றார். குறிப்பேட்டில் அதையும் எழுதினேன், பஸ் ஸ்பீக்கர் என்று.

வாய்மொழிச் சோதனைக்கு ஆயத்தம் செய்கிறவர்களுக்கு: ரெபரன்ஸோடு ஒத்துப்போன இடங்களைவிட, ஒத்துப்போகாத இடங்களைத்தான் கிண்டிக் கேட்பார்கள். உன் ஹைஹெட் ரெபரன்ஸைவிட மங்கல், ஏன் என்று பரீட்சகர் என்னிடம் கேட்டார். என் பாட்டில் தவில் சாம்பிள் இருந்தது. வலக்கை விரற்கூடுகள் தோலில் விழுகிற அந்தச் சுரீரென்ற ஒலிக்கு இடம் விட, ஹைஹெட்டை வேண்டுமென்றேதான் இறக்கினேன் என்றேன். என் மூன்று ரெபரன்ஸிலும் தவில் இல்லை. அதற்குத் திருவிழாவில் மேளக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டேன் என்றும் சொன்னேன். கொப்பியில் திகதியோடு இருந்ததால் நம்பினார். இல்லாவிட்டால் கதை விடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்.

அனுப்பும்போது 24 பிட் வேவ், உச்சம் மைனஸ் 6 டெசிபெலுக்குள், மாஸ்டரில் லிமிட்டர் இல்லாமல் என்று கேட்டிருந்தார்கள். எல்லாம் சரிபார்த்தேன், ஒன்றைத் தவிர. மாஸ்டர் சென்ட் எடுத்த ட்ராக்கின் சத்தம் எக்ஸ்போர்ட்டில் வராது. ஆனால் முழு புரொஜெக்ட் என்று கொடுத்தால் அதன் நீளம் வரும். என் பாட்டைவிட ரெபரன்ஸ் நீளம். பாட்டு முடிந்த பிறகு இரண்டு நிமிடத்துக்குக் கிட்ட வெறும் அமைதியோடு கோப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஸூமில் அவர் முதல் கேள்வியாகக் கேட்டது, அந்த இரண்டு நிமிடத்துக்கு எந்தப் பாட்டை ரெபரன்ஸாக எடுத்தாய் என்றுதான்.