ரேட் என்ன அண்ணே?

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில், “கட்டணம் இல்லை” என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் இடத்தில்தான் நான் முதலில் கால்குலேட்டரை எடுப்பேன். யாரும் சும்மா ஊருக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டார்கள். கூலியை வெளியே வாங்கவில்லை என்றால் ரேட்டுக்குள் வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

சந்தையில் ஒரு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) 62 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லாத கடை 61.40 தருகிறது. 1000 வெள்ளி போட்டால் 600 ரூபாய் போச்சு, கிட்டத்தட்ட 10 வெள்ளி. பக்கத்துக் கடை 4 வெள்ளி கட்டணம் கேட்டு 61.90 தருகிறது. அங்கே கட்டணத்தோடு சேர்த்துப் போவது 350 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் வரிசை எந்தக் கடையில் நிற்கும் தெரியுமா? முதல் கடையில்தான். கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் 4 வெள்ளி கண்ணில் உறுத்துகிறது, ரேட்டில் போகிற 10 வெள்ளி உறுத்துவதில்லை.

சைட்டில் என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் சம்பளம் வந்த அன்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். “அண்ணே, ரேட் என்ன? இன்னைக்குப் போடலாமா, ரெண்டு நாள் பாக்கலாமா?” நான் சொல்வது ஒன்றுதான். 800 வெள்ளி அனுப்புகிறவனுக்கு 30 காசு ஏறினால் 240 ரூபாய். அதற்காக வீட்டில் வட்டிக் கடனை ஒரு வாரம் கூடுதலாக ஓடவிடாதே. அன்றைக்கே போடு.

இதை 2013-இல் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்ட் 28-ஆம் தேதி அமெரிக்க டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டியது. சிங்கப்பூரில் நம்மவர்கள் கூடும் தேக்கா முழுக்க வரிசை. முதலாளியிடம் முன்பணம், அறைத் தோழனிடம் கைமாற்று என்று புரட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். இன்னும் ஏறும், 75 வரும் என்று கையில் பிடித்து வைத்தவர்களும் உண்டு. அக்டோபரில் 61, 62 என்று இறங்கியதும் அவர்கள் ரேட் பேச்சையே எடுக்கவில்லை.

அப்புறம் உண்டியல், அதாவது உரிமம் இல்லாத ஆள் மூலம் பணம் அனுப்புவது. இதைப் பற்றிப் பேசாமல் சிங்கப்பூரில் பணம் அனுப்புவதைப் பற்றிப் பேச முடியாது. ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (தொழில் நடத்தும் கூடங்களில்) உட்கார்ந்து செட்டியார்கள் கொடுக்கல் வாங்கலை நடத்தியதும், 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் திறந்ததும் பெருமையான கதை. இன்றைய உண்டியல் அந்தக் கதை இல்லை. உண்டியல்காரன் ரேட்டில் ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவான், வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுப்பான், அல்லது யாரோ ஒருவர் கணக்கிலிருந்து அப்பா கணக்கில் போட்டுவிடுவான். அந்த “யாரோ ஒருவர்”தான் சிக்கல். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவனின் அப்பா கணக்கில் அப்படி வந்த 40,000 ரூபாய், வேறு மாநிலத்தில் ஆன்லைனில் யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணம். சைபர் கிரைம் போலீஸ் சொல்லி வங்கி கணக்கை முடக்கிவிட்டது. அவருக்கு அந்த மாநிலத்தின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. உர மூட்டை வாங்க வைத்திருந்த பணமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. மகன் அனுப்பியது என்று காட்ட ஒரு துண்டு ரசீது கிடையாது. உரிமம் உள்ள கடையில் போட்டிருந்தால் ரசீதில் பெயர், நோக்கம், எண் எல்லாம் இருந்திருக்கும்.

2023 பிப்ரவரி 21-இல் சிங்கப்பூரில் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்தார்கள். சின்னத் தொகைக்கு இது எனக்குப் பிடித்த வழி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பில் கட்ட நிற்கும்போது, நான் இங்கே ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் நின்றபடி அனுப்பினேன். நான் அட்டையைத் தட்டி உள்ளே போவதற்குள் போன். “வந்துருச்சுப்பா. மாத்திரைக்கும் சேத்தா போட்ட?” அவ்வளவு வேகம்.

ஊருக்கு அனுப்புவது இப்படி. ஊரிலிருந்து இங்கே கொண்டுவருவது வேறு உலகம்.

ஈசூனில் ரீசேல் வீடு, அதாவது ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும் வீடு, வாங்கப் பார்த்தோம். முன்பணத்துக்கு, அறந்தாங்கியில் அப்பா வழியில் வந்த மனையை விற்பது என்று முடிவு. விலை 30 லட்சம். வாங்குகிறவர் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். பேச்சு முடிந்து வெற்றிலை பாக்கெல்லாம் மாற்றியாயிற்று. அப்போதுதான் ஆடிட்டர் சொன்னார்: விற்கிறவர் வெளிநாட்டுவாசி, அதனால் வாங்குகிறவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சத்துக்கு மேல்தான் பிடித்தம், அதுவும் 1 சதவீதம். என்னைப் போன்றவர் விற்றால் அப்போதைய கணக்கில் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 20.8 சதவீதம். லாபத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் வருமானவரி அலுவலகத்தில் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லையென்றால் முழு விலையிலும் பிடித்தம், அதாவது 6,24,000 ரூபாய்.

அதைக் கட்ட வாத்தியார் வரி பிடிக்கிறவர்களுக்கான டான் எண் எடுக்க வேண்டியிருந்தது, 27க்யூ என்று ஒரு படிவம் வேறு போட வேண்டியிருந்தது.

“தம்பி, எனக்கு எதுக்குப்பா டான் நம்பர்? நான் என்ன கம்பெனியா நடத்துறேன்?”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மாமாதான் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, ஆடிட்டர் ஆபீசுக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினார். சான்றிதழுக்குக் காத்திருக்க வாத்தியாருக்குப் பொறுமை இல்லை, மகள் கல்யாணத்துக்கு முன்னால் வீடு கட்ட வேண்டும். சரி, முழுதும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன். அந்த மனிதர் பின்வாங்காமல் நின்றதே பெரிது.

மீதிப் பணம் என் என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டுவாசி இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும் கணக்குக்கு, வந்தது. வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது சட்டம். பாதிப் பேர் மாற்றுவதில்லை, இந்த மாதிரி நேரத்தில்தான் அவஸ்தை. இங்கிருந்து நாம் அனுப்பிச் சேர்க்கும் பணத்துக்கு என்ஆர்இ இருக்கிறது. அதில் வட்டிக்கு அங்கே வரி இல்லை, திருப்பி எடுத்துவரவும் தடையில்லை. என்ஆர்ஓவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுக்கலாம் என்கிறார்கள். என் மனைக்கு அந்த வரம்பு சிரிப்பாக இருந்தது. ஆனால் 10 லட்சம் டாலர்காரருக்கும் எனக்கும் காகிதம் ஒன்றுதான். ஆடிட்டர் தந்த 15சிபி சான்று, நான் ஆன்லைனில் போட்ட 15சிஏ படிவம், விற்பனைப் பத்திர நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வரி கட்டிய ரசீது, வங்கியின் சொந்தப் படிவங்கள். எங்கள் ஊர்க் கிளையில் இதை யாரும் செய்ததில்லை போல. மேனேஜர் காகிதக் கட்டை வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டு, “இது திருச்சிக்குத்தான் சார் போகணும்” என்றார். திருச்சியிலிருந்து கேள்வி வரும், மாமா பதில் கொண்டுபோவார், வாரிசுச் சான்றில் என் இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்து இருப்பதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதற்குள் இங்கே வீட்டை விற்கிறவரிடம் தவணை நீட்டிக் கேட்டு, மீதிக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கியாயிற்று.

ஒருவழியாக அனுப்பியபோதும் ரேட் வங்கி சொன்னதுதான், பேரம் கிடையாது. நடுவில் ஒரு வங்கி தன் கூலியைக் கழித்துக்கொண்டது. “அனுப்புகிறவரே எல்லாக் கட்டணமும் ஏற்கிறார்” என்ற கட்டத்தில் டிக் போட்டால் இந்தக் கழிவு பெரும்பாலும் வராது. படிவத்தில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும்.

பிடித்த வரியில் பெரும்பகுதி, அடுத்த ஆண்டு ரிட்டர்ன் போட்ட பிறகு திரும்பி வந்தது, என்ஆர்ஓ கணக்குக்கே. அதை எடுக்க மறுபடி 15சிஏ, 15சிபி. வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டேன். அம்மாவின் மருந்துச் செலவு அதிலிருந்து போகிறது. மாமாவுக்கு ஒரு புது வண்டியும் வாங்கிக் கொடுத்தேன். பழையதைத் திருச்சிக்கு ஓட்டி ஓட்டியே தேய்த்துவிட்டார்.