'மரத்தின் நெய்': ஒரு ருமேனியக் கூட்டுச்சொல்லும் தேர்வில் நான் கற்ற பாடமும்

வரலாற்று மொழியியல் தேர்வில் 'உன்ட்டெலெம்ன்' என்ற ருமேனியச் சொல்லின் பிறப்பை விளக்கும்படி கேட்டிருந்தார்கள். சமையல் எண்ணெயைக் குறிக்கும் அச்சொல்லை உன்ட் (வெண்ணெய்), டெ (இன்), லெம்ன் (மரம்) என்று பிரித்துப் பொருள் எழுதியதோடு நிறுத்திவிட்டேன். பிரித்தது சரியாக இருந்தும் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. ஒவ்வோர் உறுப்பும் எந்த ஒலிமாற்றத்தின் வழியே வந்தது என்பதை நான் காட்டவே இல்லை.

முதலில் லெம்ன். ஆங்கிலப் பழக்கத்தால் இதை எலுமிச்சையோடு இணைத்துவிடாதீர்கள். ருமேனியத்தில் எலுமிச்சை 'லமீயெ'. லெம்ன் என்பது இலத்தீன் 'லிக்னும்' (மரக்கட்டை) என்பதன் வழி வந்தது. இலத்தீனின் 'க்ன்' ருமேனியத்தில் 'ம்ன்' ஆகும் என்ற விதியைச் சொல்லி, 'சிக்னும்' (அடையாளம்) 'செம்ன்' ஆனதையும் 'புக்னுஸ்' (கைமுட்டி) 'பும்ன்' ஆனதையும் சான்றாகத் தர வேண்டும். சான்றில்லாத விதிக்கு மதிப்பில்லை. உன்ட் என்பது, பூசுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த 'உங்க்டும்' என்ற இலத்தீன் சொல்லின் தொடர்ச்சி. பால் என்னும் பொருளுடைய 'லாக்டெம்' 'லாப்டெ' ஆனதுபோல 'க்ட்' பொதுவாக 'ப்ட்' ஆகும். இங்கோ முன்னால் மெல்லினம் நிற்பதால் ககரம் மறைந்துவிட்டது. இந்த வேறுபாட்டைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

அடுத்தது பொருள். முதலில் ஆலிவ் மரத்தின் கனியில் பிழிந்த எண்ணெயைக் குறித்த இச்சொல், பின்னர் மற்றச் சமையல் எண்ணெய்களுக்கும் விரிந்தது. ஸ்லாவிய மொழியான ரஷ்யத்திலும் ஆலிவ் எண்ணெய்க்கு 'மர எண்ணெய்' என்று பொருள்படும் பழைய பெயர் உண்டு. ஆகவே ஸ்லாவிய மொழிகளோடு ஒப்பிடாமல் விடை நிறைவு பெறாது. இந்தப் பொருள்விரிவை நான் உண்மையாக உணர்ந்தது நம் சொல்லால்தான். எள்ளின் நெய்யே எண்ணெய். அது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகி, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்றெல்லாம் வழங்கத் தொடங்கியபின், எள்ளில் எடுத்ததையே நல்லெண்ணெய் என்று தனித்துச் சுட்ட வேண்டியதாயிற்று.

இது சொற்றொடரா, ஒரே சொல்லா என்பதற்கும் விடை எழுதுங்கள். ருமேனியத்தில் சுட்டு விகுதி (ஆங்கில 'the' போன்றது; இங்கே 'உல்') பெயரின் இறுதியில் ஒட்டும். சொற்றொடராக இருந்தால் அது 'உன்ட்' என்பதோடு சேர்ந்து 'உன்டுல் டெ லெம்ன்' என்றிருக்கும். வழக்கிலோ 'உன்ட்டெலெம்னுல்' என்று கடைசியில் சேர்கிறது. மூன்று சொற்களும் ஒன்றாகிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணச் சான்று வேண்டியதில்லை.