அம்முகுடாவின் பலராம்

எங்கள் ஊர் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனால் எங்களைக் கேரளாக்காரர் என்பார்கள். பாலக்காட்டுக்குள் போனால் தமிழர் என்பார்கள். இந்தியக் கால்பந்து வீரர் துளசிதாஸ் பலராமின் பெற்றோர் தமிழர்கள் என்று படித்த நாளில், அவர் எனக்கு எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார்.

1936-இல் செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பூட்ஸ் வாங்க வழியில்லாமல், போலீஸ்காரர்கள் போட்டுக் கழித்த பழைய பூட்ஸிலிருந்து பந்தாட ஒரு ஜோடி தைத்து வாங்கிக்கொண்டார். இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் கண்ணில் பட்டார். 20 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம். 1956-இல் நான்காம் இடம் வரை போன அணி அது.

அடுத்த வருடம் கல்கத்தா. ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்காக மட்டும் 104 கோல். 1961-இல் அவர் கேப்டனாக இருந்தபோது லீக் பட்டம் வந்தது, ஐ.எஃப்.ஏ. கேடயம் என்ற கோப்பையை இன்னொரு கல்கத்தா கிளப்பான மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முந்தைய வருடம் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல். இரண்டு ஆட்டத்திலும் இந்தியா தோற்றது. ஆனால் அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கிய அணி. அதனிடம் 2-1 என்று தோற்றதை நான் தோல்விக் கணக்கில் வைப்பதே இல்லை.

ஜகார்த்தாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருப்பேன். 1962 ஆசிய விளையாட்டு. தாய்லாந்துக்கு எதிராக ஒன்று, ஜப்பானுக்கு எதிராக ஒன்று என பலராம் கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் கூட்டம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குச் சேர்க்காததை இந்தியர் ஒருவர் தட்டிக்கேட்டதால் வந்த கோபம். தலையில் தையலோடு, தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் முன்களத்தில் ஆடினார். தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். அந்த அணியின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: தங்கராஜ், அருமைநாயகம், பலராம். இரிஞ்ஞாலக்குடை சந்திரசேகரனும் உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தம் பொங்கும்.

அந்த வருடமே அர்ஜுனா விருது. 1963-இல் நுரையீரல் நோய் வந்து ஆட்டத்தையே விட்டுவிட்டார். 27 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. அதே வருடம் ஜூனில், ஜகார்த்தாவிலும் பயிற்சியாளராக இருந்த ரஹீமும் நுரையீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். தங்கப் பதக்கம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

என் மாமாவும் ஃபார்வர்டுதான். கொய்த வயலில் கவுங்குத் தடி கட்டி கேலரி போடுவார்களே, அணிக்கு ஏழு பேர் ஆடும் அந்த செவன்ஸ் ஆட்டங்களில் இடது பக்கம் ஓடுவார். 24 வயதில் டி.பி. வந்தது. மருந்து தின்று பிழைத்துக்கொண்டார், ஆட்டம் மட்டும் போய்விட்டது. அவரோடு சேர்ந்து பந்து பார்த்த வருடங்களில் ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

2023 பிப்ரவரி 16 அன்று பலராம் இறந்த செய்தியை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது 86. கடைசி வரை கல்கத்தா பக்கம் உத்தரபாராவில்தான் இருந்தார்.

மாமா கேட்டது ஒன்றுதான். “ஆட்டத்த விட்டதுக்கு அப்புறம் பந்தத் தொட்டாராமா கண்ணு?”

“சின்னப் பசங்களுக்கு கோச்சிங் கொடுத்திருக்கார் மாமா.”

“அப்பச் சரி” என்றார். பிறகு எழுந்துபோய் வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். எதிர் வயலில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே அவர் குரல் கேட்டது: “டேய், எடது கால்ல அடிடா!”