சொலிசிட்டர் ஆவதற்குப் பரீட்சையை விடக் கையெழுத்துத்தான் கஷ்டம்

போன மாதம்தான் இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர் (சட்டத்தரணி) பதிவேட்டில் என் பெயர் ஏறியது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் கடைசிக் கட்டத்தில் பட்ட பாடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பரீட்சை தந்த பாடு இல்லை அது. இரண்டு வருடம் நான் வேலை செய்தேன் என்பதை ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான், அதற்குப் பட்ட பாடு. லண்டனில் பரலீகலாக, அதாவது சட்ட ஒஃபிஸ் உதவியாளராக, வேலை செய்துகொண்டே சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் முதல் பட்டம் கணக்கியல். 2021 செப்டம்பரில் எஸ்.கியூ.ஈ என்ற சொலிசிட்டர் தகுதிப் பரீட்சை வந்த பிறகு, வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்குச் சட்ட மாற்றுப் படிப்பு கட்டாயமில்லை, நேரே பரீட்சைக்குப் போகலாம். சட்டம் விடுகிறது என்பதற்காகப் போய்விடாதீர்கள். ஒப்பந்தச் சட்டம், நிலச் சட்டம், ட்ரஸ்ட் எல்லாம் அடியிலிருந்து தெரியாமல் அந்தக் கேள்விகளில் கை வைக்கவே முடியாது. நான் மாலை வகுப்பில் பி.ஜி.டி.எல் என்ற அந்த மாற்றுப் படிப்பை முடித்துவிட்டு, எஸ்.கியூ.ஈ பயிற்சியும் சேர்ந்த எல்.எல்.எம் (சட்ட முதுகலை) ஒன்றில் சேர்ந்தேன்.

எல்.எல்.எம்மைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காசு. வெறும் எஸ்.கியூ.ஈ பயிற்சி வகுப்புக்கு அரசாங்க மாணவர் கடன் கிடையாது. அதே பயிற்சி முதுகலைப் பட்டத்துக்குள் வந்தால் கிடைக்கும். நான் சேர்ந்த 2022-இல் அதிகபட்சம் 11,836 பவுண்ட். ஏற்கெனவே ஏதாவது ஒரு மாஸ்டர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது, அதைச் சேருமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பரீட்சைக் கட்டணம் படிப்புக் கட்டணத்துக்குள் இருக்கிறது என்று நினைத்து நிறையப் பேர் இருந்துவிடுகிறார்கள். என் படிப்பில் அது தனி. நான் கட்டியது முதல் பரீட்சைக்கு 1,798, இரண்டாவதற்கு 2,766 பவுண்ட். 2024 செப்டம்பரில் இரண்டுமே கூடிவிட்டன. கடன் காசு மூன்று தவணையாக நம் வங்கிக் கணக்குக்கே வரும், பரீட்சைக்குப் பதிவு செய்கிற திகதி அதைப் பார்த்து வராது. முதல் தவணை வந்த உடனேயே பரீட்சைக் காசை வேறு கணக்கில் போட்டு வையுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் “முதலில் எல்.பி.சி படி, பிறகு ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் எடு” என்றுதான் சொல்வார்கள். எல்.பி.சி பழைய வழியின் தொழிற்படிப்பு, ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் ஒரு ஒஃபிஸில் ட்ரெயினியாக இருந்து பழகுகிற ஒப்பந்தம். பெரியப்பாவும் என்னிடம் அதையேதான் சொன்னார், அவர் காலத்தில் அது சரி. இப்போது எல்.பி.சி வழி, எஸ்.கியூ.ஈ வருமுன்பே சட்டப் படிப்பைத் தொடங்கியவர்களுக்குத்தான், அவர்களுக்கும் 2032 முடிவு வரைதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தக் கதையைக் கேட்டு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, பெயர் விஷயம். நம் ஆட்களுக்கு இது கட்டாயம் வரும். ஊரிலிருந்து வந்தபோது இங்குள்ள பள்ளிக்கூடத்தில் என் அப்பாவின் பெயரை முதற்பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிட்டார்கள். பட்டச் சான்றிதழ் வரைக்கும் அப்படியே வந்தது. பிரித்தானியப் பாஸ்போர்ட்டில் அது தலைகீழாக, அதாவது சரியாக, இருக்கிறது. பரீட்சைக்கு நாம் பதிகிற பெயரும் கொண்டுபோகிற அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். அதனால் எல்லாக் கணக்குகளையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திறந்தேன். பட்டச் சான்றிதழ் மட்டும் ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகத்தைக் கேட்டால், பட்டமளிப்பு முடிந்த பிறகு மாற்ற மாட்டோம் என்று ஒரே வரியில் பதில்.

அதற்கு வழி சத்தியக் கடிதம்தான். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று எழுதி, வேறொரு ஒஃபிஸில் உள்ள சொலிசிட்டர் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். இதற்கான கட்டணம் சட்டத்திலேயே இருக்கிறது: கடிதத்துக்கு 5 பவுண்ட், இணைக்கிற ஒவ்வொரு ஆவணத்துக்கும் 2 பவுண்ட். நான் முதலில் போன இடத்தில் பல மடங்கு கேட்டார்கள். கேட்டால், எழுதித் தருவதற்கும் சேர்த்து என்றார்கள். நான் ஏற்கெனவே எழுதி அச்சடித்துத்தான் கொண்டுபோயிருந்தேன், அதைக் காட்டிய பிறகும் குறைக்கவில்லை. அதே தெருவில் நாலு கடை தள்ளி இன்னொரு ஒஃபிஸ். பாஸ்போர்ட் பிரதி, சான்றிதழ் பிரதி இரண்டுக்கும் சேர்த்து 9 பவுண்டுடன் வேலை முடிந்தது. நீங்களே எழுதிக்கொண்டு போங்கள், கட்டண விபரத்தையும் தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் பரீட்சை 2024 ஜனவரியில். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 180 கேள்வி, ஐந்து விடையில் மிகச் சரியானதைத் தெரிய வேண்டும். 90 கேள்விக்கு 2 மணி 33 நிமிடம், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு இன்னொரு 90. புத்தகம் கொண்டுபோக முடியாது, சொந்தப் பேனாவும் கூடாது. அழித்து எழுதுகிற பலகையும் மார்க்கரும் தருவார்கள். உட்காருமுன்பே மார்க்கரை எழுதிப் பாருங்கள். எனக்குத் தந்தது மூன்றாவது கணக்குக் கேள்வியிலேயே காய்ந்துவிட்டது, கையை உயர்த்திக் காத்திருந்து புதிது வாங்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது.

அந்த அமர்வில் தேறியவர்கள் 56 சதவீதம் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். ஏப்ரலில், பரீட்சையை நடத்தும் கப்லான் நிறுவனம் புள்ளிகளை முழு எண்ணாக்கியதில் பிழை நடந்துவிட்டது என்றும், தோல்வி என்று சொல்லப்பட்ட 175 பேர் உண்மையில் தேறியவர்கள் என்றும் அறிவித்தது. தோல்வி என்ற செய்தியோடு அவர்கள் பல வாரம் இருந்திருக்கிறார்கள். எனக்குச் சரியாகவே வந்தது, ஆனாலும் அன்று முழுக்க எதுவும் ஓடவில்லை. முடிவு வந்த அன்றைக்கே வேலையை விடுவது, அடுத்த வருடத் திட்டத்தை மாற்றுவது என்று எதுவும் செய்துவிடாதீர்கள் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இரண்டாவது பரீட்சை எனக்குப் பிடித்தே இருந்தது. 16 பகுதியில் 12 எழுத்து, 4 வாய்மொழி. கட்சிக்காரராக ஒரு நடிகர் வந்து உட்காருவார், 25 நிமிடம் அவரோடு கதைத்து விஷயத்தை எடுக்க வேண்டும், பிறகு இன்னொரு 25 நிமிடத்தில் குறிப்பைக் கையால் எழுத வேண்டும். குடிவரவு வழக்குகளில் பயந்துபோய் வந்து உட்காரும் அம்மாக்களிடமும் அண்ணாமாரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு அந்த அறை புதிதாகவே தெரியவில்லை. முதலில் அவரைக் கதைக்க விட்டேன், ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று விளங்கியது, திரும்பவும் மெதுவாக அதே இடத்துக்கு வந்தேன். சொல்லிவிட்டார். பரலீகல் வேலை வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன்.

பரீட்சைகளோடு இரண்டு வருட முழுநேரத் தகுதி அனுபவமும் வேண்டும். கியூ.டபிள்யூ.ஈ என்று சொல்வார்கள். அதிகபட்சம் நான்கு இடங்களில் செய்யலாம், சம்பள வேலையாகவும் இருக்கலாம், தொண்டாகவும் இருக்கலாம். பல்கலைக்கழகச் சட்ட உதவி நிலையத்தில் சனிக்கிழமைகளில் செய்ததும் எனக்குச் சேர்ந்தது. அங்கே பொறுப்பாக இருந்த சொலிசிட்டர் கேட்ட வாரமே உறுதிப்படுத்திவிட்டார்.

சிக்கல், நான் பெரும்பகுதிக் காலம் வேலை செய்த சிறிய ஒஃபிஸில். நடத்துகிறவர் நம் ஆள்தான், வயதானவர், வழக்கில் கெட்டிக்காரர். சேரும்போது “அதெல்லாம் செய்து தருவம் பிள்ளை” என்றார். பரீட்சைகள் முடிந்து போய்க் கேட்டபோது கதை மாறிவிட்டது.

“நீங்கள் இங்கே பரலீகல்தானே பிள்ளை, ட்ரெயினி இல்லையே. ட்ரெயினி வைக்கிறதுக்கு நான் அனுமதி எடுக்கவேயில்லை.”

“சேர், இதுக்கு அனுமதி தேவையில்லை. பதவிப் பெயரும் முக்கியமில்லை.”

“நாளைக்கு நீங்கள் ஒரு பிழை விட்டால் நான் கையெழுத்து வைச்ச ஆள் என்று என்னைத்தானே பிடிப்பாங்கள்?”

அவர் பயத்தின் வேர் இதுதான், இதே பயம் பல சிறிய ஒஃபிஸ்களில் இருக்கிறது. உறுதிப்படுத்துகிறவர் நமக்குத் திறமை இருக்கிறது என்று சான்று கொடுப்பதில்லை, திறமையை அளப்பது பரீட்சைதான். அவர் சொல்ல வேண்டியவை மூன்றே மூன்று: எத்தனை காலம் வேலை செய்தோம், சொலிசிட்டருக்குரிய திறன்களில் இரண்டையாவது வளர்க்கிற வாய்ப்பு அந்த வேலையில் கிடைத்ததா, நம் நடத்தையில் குறை ஏதும் அவருக்குத் தெரியவந்ததா. இதைச் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏயின் இணையத்தளத்தில் இருந்து அச்சடித்து, மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தாள் மேல் கோப்புகள் ஏறிக்கொண்டே போனதுதான் மிச்சம்.

“அடுத்த கிழமை பார்ப்பம்” என்ற பதிலிலேயே மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்தும், பின்னேரம் வாருங்கள் செய்துவிடுவம் என்றார். ஹரோவிலிருந்து மூன்று இடத்தில் ரயில் மாறிப் போனால், அவர் மத்தியானமே போய்விட்டார் என்றார்கள். கடைசியில் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை: இதே சம்பளத்தில் இன்னும் ஒரு வருடம் இருந்தால் அப்போது யோசிக்கலாமாம். நான் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான உறுதி அது, தர்மத்துக்குக் கேட்டதில்லை. அப்படி விலை பேசுகிற இடத்தில் ஒருவரும் தலை ஆட்டிவிட வேண்டாம், அடுத்த வருடமும் இதே கதைதான் வரும்.

எனக்குக் கைகொடுத்தது இரண்டு விஷயம். ஒன்று, உறுதிப்படுத்துகிறவர் முதலாளியாகவே இருக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனத்தில் வேலை செய்கிற எந்தச் சொலிசிட்டரும் செய்யலாம், நம் வேலையைப் பார்த்து, நம்மை மேற்பார்த்தவரிடமும் கேட்டுத் திருப்திப்பட்டால் போதும். எங்கள் ஒஃபிஸில் கிழமைக்கு இரண்டு நாள் வருகிற ஒரு அக்கா இருந்தா. குடும்ப வழக்குகள் பார்ப்பவ, நான் அவவுக்கும் நிறைய வேலை செய்திருக்கிறேன்.

மற்றது, என் அட்டவணை. தொடக்கத்திலிருந்தே வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதி வைப்பேன். கோப்பு இலக்கம், செய்த வேலை, அது எந்தத் திறனில் சேரும். கட்சிக்காரர் பெயர் எழுதவே மாட்டேன், அது இரகசியம், நீங்களும் எழுதாதீர்கள். “மேன்முறையீட்டுக்குச் சாட்சி வாக்குமூலம் எடுத்தேன், தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி, திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டினேன்” என்று ஒரு வரி. “தீர்ப்பாயத்துக்கான ஆவணக் கட்டைப் பக்க எண் போட்டு அடுக்கினேன், இரண்டு மருத்துவ அறிக்கை முரண்படுவதைக் கண்டு சொன்னேன்” என்று இன்னொன்று.

அக்கா அதை முழுக்க வாசித்தா. பென்சிலால் சில வரிகளில் குறி போட்டு, அந்தக் கோப்புகளைக் கொண்டுவரச் சொன்னா. நான் கையால் எழுதிய குறிப்புகளையும் அனுப்பிய கடிதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தா. பிறகு முதலாளியிடமே போய், “சேர், இந்தப் பிள்ளையின் வேலையில் ஏதாவது குறை இருக்கா?” என்று என் முன்னால் கேட்டா. “வேலையில் ஒரு குறையும் இல்லை” என்றார் அவர். அது போதும் என்று சொல்லி, என் எஸ்.ஆர்.ஏ கணக்கிலிருந்து போன மின்னஞ்சலைத் திறந்து அன்றைக்கே உறுதிப்படுத்திவிட்டா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே ஒரு புதிய இடத்தில் சேருகிறீர்கள் என்றால், அங்கே சொலிசிட்டர் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் மாதமே பாருங்கள். உறுதிமொழியை வாயால் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். வேலை மாறுவதாக இருந்தால், அந்தக் காலத்துக்கான உறுதியை எடுத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஒஃபிஸ் மூடிவிட்டால், ஆள் ஊரை விட்டுப் போய்விட்டால் பிறகு தேடித் திரிய வேண்டிவரும்.

குற்றப் பதிவுச் சோதனை, 100 பவுண்ட் விண்ணப்பம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வேலை தேடும்போது மட்டும் “எந்த ஒஃபிஸில் ட்ரெயினியாக இருந்தீர்கள்?” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பரலீகலாக இருந்துகொண்டே தகுதி பெற்றேன் என்று தயங்காமல் சொல்லுங்கள், பதிவேட்டில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. நான் அட்டவணையின் பிரதியையே நேர்முகத்துக்குக் கொண்டுபோனேன், அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். அடுத்த மாதம் வீட்டு வாடகை வழக்குகள் பார்க்கிற ஓரிடத்தில் தொடங்குகிறேன். வருடாந்தத் தொழில் சான்றிதழுக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டேன், நாங்கள்தான் என்றார்கள். ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொன்னேன், தந்துவிட்டார்கள்.