ஆல்ஃபிரட் எஷர்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவிட்சர்லாந்தின் அரசியல்வாதியும் ரயில்வே அதிபருமான ஆல்ஃபிரட் எஷரின் அரசியல் வாழ்வை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1819-இல் சூரிச்சின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1844-இல் சூரிச் மாநிலத்தின் பேரவைக்குள் நுழைந்த இவர், 1848-இல் புதிய கூட்டாட்சி அமைந்ததும் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய அவைக்குத் தேர்வாகி, 1882-இல் இறக்கும்வரை அதில் நீடித்தார். எழுவர் கொண்ட கூட்டாட்சி அமைச்சரவையில் ஒருமுறைகூட அமராமலே நாட்டின் போக்கை இவ்வளவு தூரம் தீர்மானித்தவர் என்பதே என்னை இவர்பால் ஈர்க்கிறது.

ஜூன் 5

ரயில் பாதைகளை அரசு அமைப்பதா, தனியார் அமைப்பதா என்ற விவாதத்தில் எஷர் தனியார் பக்கம் நின்றார். 1852-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் விரும்பியபடியே நிறைவேறியது. அடுத்த ஆண்டே வடகிழக்கு ரயில்வே நிறுவனத்தின் தலைமையில் அவரைக் காண்கிறோம். பாரிஸ் வங்கியாளர்களின் பிடியில் சிக்காமல் ரயில்வேக்கு மூலதனம் திரட்ட 1856-இல் சுவிஸ் கடன் வங்கியை நிறுவியபோது, பொதுமக்களுக்கென ஒதுக்கிய 30 லட்சம் பிராங்க் பங்குகளுக்கு மூன்றே நாளில் 21 கோடியே 80 லட்சம் பிராங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. சட்டம் இயற்றியவரே அதன் பயனையும் அறுவடை செய்தார் என்ற குற்றச்சாட்டை மறுப்பது எளிதன்று. (பிற்காலத்தில் கிரெடிட் சுவிஸ் எனப்பட்டு, 2023-இல் போட்டி வங்கியிடம் போய்ச் சேர்ந்தது இதே வங்கிதான்.)

ஜூன் 6

அவர் விரும்பியது ஒரு தேசியப் பல்கலைக்கழகம். கிடைத்தது 1855-இல் சூரிச்சில் திறக்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி. நாட்டுக்கு இதுவே நன்மையாயிற்று என்பேன்.

ஜூன் 9

1860-களின் இறுதியில் சூரிச் மாநிலத்தில் எழுந்த மக்களாட்சி இயக்கம் எஷரின் ஆதிக்கத்தையே குறிவைத்தது. 1869-இல் வந்த மாநில அரசியலமைப்பு, சட்டங்களை முன்மொழியவும் அவற்றின்மீது வாக்களிக்கவும் மக்களுக்கு உரிமை தந்தது. அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது; ரயில்வேயும் வங்கியும் கைவிட்டுப் போகவில்லை.

ஜூன் 12

ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியை நோக்கிச் செல்லும் கோத்தார்ட் ரயில் பாதைதான் எஷர் வாழ்வின் உச்சம், அவரை வீழ்த்தியதும் அதுவே. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் சுரங்கம் அமைக்க இத்தாலி 4.5 கோடி, ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் தலா 2 கோடி பிராங்க் மானியம் தர ஒப்புக்கொண்டன. 1871-இல் எஷரின் தலைமையில் கோத்தார்ட் ரயில்வே நிறுவனம் உருவாயிற்று. 18.7 கோடி என்று கணக்கிட்ட மொத்தத் திட்டத்துக்கு மேலும் சுமார் 10 கோடி தேவை எனப் பின்னர் தெரியவந்ததும், பழி தலைவர்மீது விழுந்தது. 1878-இல் எஷர் பதவி விலக நேர்ந்தது. தனியார் முயற்சியே போதும் என்று 1852-இல் வாதிட்டவரின் பாதைக்கு, இப்போது கூடுதல் அரசுப் பணத்தை மக்கள் வாக்கெடுப்பில் கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1880-இல் சுரங்கத்தின் இருமுனைகளும் சந்தித்தபோது அவருக்கு அழைப்பில்லை. 1882 மே மாதத் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தும் உடல்நலக் குறைவால் போக இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

ஜூன் 13

சூரிச் ரயில் நிலையத்தின் முன் அவருக்கு 1889-இல் சிலை எழுப்பினர். ரயில்வேக்களை அரசே வாங்கவேண்டும் என்று 1862-இல் வாதிட்ட பெர்ன் அரசியல்வாதி யாக்கோப் ஸ்டெம்ஃப்லி அதற்கு முன்பே மறைந்திருந்தார். ஆனால் 1898-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டது எஷருடைய கொள்கையை அன்று, இவருடையதை.