கச்சான் காற்றும் ஒரு சித்திரக் கண்காட்சியும்: திருகோணமலையில் ஒரு முற்பகல்

ஓகஸ்ட் மாதத் திருகோணமலை என்றதும் பலருக்கு நினைவு வருவது நிலாவெளியும் புறாத்தீவும்தான். அதே நாட்களில், பாடசாலை விடுமுறையை ஒட்டி, நகரத்துக்குள் ஒரு சிறிய சமூகக் கலை நிலையம் தன்னிடம் சித்திரம் பயிலும் பிள்ளைகளின் ஆக்கங்களைக் காட்சிக்கு வைக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கருப்பொருள். இம்முறை ‘காற்று’.

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக பஸ் வரும். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கரையோரப் பயணம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்த இடத்தில் பாதைப் படகுக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை. எந்த வழியில் வந்தாலும் காலையில் இறங்கினால், நேரே கண்காட்சிக்குப் போகாமல் முதலில் கோட்டைக்குள் நடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள். கும்பிட்டு முடிந்ததும் மலை விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று கொடிகள் எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்து வையுங்கள். அது பிறகு உதவும். கோட்டைக்குள் திரியும் மான்கள் கையிலுள்ள பைகளை மோப்பம் பிடிக்கும்; கடதாசிச் சுருள் ஏதும் வைத்திருந்தால் உயர்த்திப் பிடியுங்கள்.

இந்தப் பருவத்தில் கொடிகள் பெரும்பாலும் கடலைப் பார்த்தே பறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. அதுதான் கச்சான். தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். சுற்றுலாக்காரர் வருவதும் அதனால்தான். வாடை நேரெதிர்: வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமாக, மழையையும் அலையையும் கூட்டிக்கொண்டு ஒக்டோபருக்குப் பிறகு வரும்.

இதைத் தெரிந்துகொண்டு மண்டபத்துக்குள் போனால் பாதிப் படங்களை நீங்களே திருத்திவிடுவீர்கள். கடல் கண்ணாடி போலக் கிடக்க, கொடிகளும் சேலைகளும் ஊருக்குள் திரும்பிப் பறந்தால், அது கலண்டரிலிருந்தோ கைத்தொலைபேசியிலிருந்தோ எடுத்த காற்று. வெளியே போய்ப் பார்த்து வரைந்த பிள்ளையின் படத்தில் கடல் தட்டை, புழுதி தெருவில், உடுப்புக் கொடியில் வெள்ளைச் சீருடை கடற்பக்கமாக இழுபடுகிறது. தென்னையை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்: கரையோரத் தென்னைகள் காற்றில்லாத நாளிலும் கடலை நோக்கியே சாய்ந்து நிற்கும். மீன்பிடிக் குடும்பங்களிலிருந்து வரும் பெரியவர்கள் படத்தடியில் நின்று “இது கச்சானோ, வாடையோ பிள்ளை?” என்று கேட்பார்கள். அதைவிடக் கூர்மையான விமர்சனம் அந்த மண்டபத்தில் கிடைக்காது.

கருப்பொருள் குறுகலாக இருப்பதே இந்தக் கண்காட்சியின் பலம். ‘இயற்கை’, ‘எங்கள் ஊர்’ என்று கொடுத்தால் வருவது தெரிந்ததே: செம்மஞ்சள் அந்திவானம், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை, ஒரு வள்ளம், இரண்டு காகம். காற்றுக்கு உருவம் இல்லை. அசைவதைப் பிடித்தால்தான் அதைக் காட்ட முடியும். அதனால் தூரிகையைத் தொடுவதற்கு முன் பிள்ளைகள் காற்றில் அசையும் இருபது பொருட்களை எழுத வேண்டும். முதல் ஐந்தும் எல்லோருக்கும் ஒன்றே. பட்டம், மரம், கொடி, முடி, அலை. பத்தைத் தாண்டிய பிறகுதான் குடைக்கம்பி, கருவாட்டுப் பரணில் கிடக்கும் வலை, பாண்காரனின் ஓட்டோவில் தொங்கும் பொலித்தீன் என்று சொந்தப் பொருட்கள் வருகின்றன. பின்பு அந்தப் பத்துக்குப் பிந்தியவற்றில் ஒன்றை எடுத்து, தீப்பெட்டி அளவில் நான்கு பென்சில் கோட்டுருவம். அதில் ஒன்றே தாளுக்குப் போகும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்த பிள்ளையின் படம் சுவரில் உடனே தெரிந்துவிடும். அதிகம் தாண்டுகிறவர்கள் சிறுவர்கள் அல்லர். சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுப்பவர்கள்தான், நேரம் போதாது என்று.

சுவரில் மாட்டும் விதம் தனியாகப் பார்க்க வேண்டியது. சுண்ணாம்புப் பூச்சு கையில் ஒட்டும் பழைய சுவரில் இரட்டைப்பக்க ரேப் நிற்காது. பூச்சோடு உரிந்து வரும், அல்லது மத்தியான வெக்கையில் பசை இளகிப் படம் மெல்லக் கீழே வழியும். ஆணி அடித்தால் காரை உதிரும். ஆகவே மேல் வளைமரத்தில் கொக்கி போட்டு, 0.8 மில்லிமீற்றர் தங்கூசியை (நைலோன் தூண்டில் இழையை) மூன்று மீற்றருக்கு மேற்படாத நீளங்களாக இழுத்துக் கட்டுகிறார்கள். நைலோன் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் நீளும். இன்று விறைப்பாகக் கட்டியது நாளை காலை தொய்ந்திருக்கும். முதல் நாள் வெறும் தங்கூசியை மட்டும் கட்டிவிட்டு, அடுத்த நாள் இறுக்கிய பிறகே படம் ஏற்ற வேண்டும். சாதாரண முடிச்சு வழுக்கிவிடும். மீனவர் தூண்டிலுக்குப் போடுவது போல ஐந்தாறு முறுக்குச் சுற்றி, நனைத்து இறுக்கி, நுனியை லைற்றரில் சுட்டுக் குமிழாக்கினால் போதும்.

ஏ3 தாளுக்கு இரண்டு கிளிப். இரும்புக் கிளிப் உப்புக்காற்றில் சில நாட்களிலேயே துருப்பிடித்துத் தாளில் மஞ்சள் கறை விடும். பிளாஸ்டிக் உடுப்புக் கிளிப் நல்லது, இரும்புதான் உண்டென்றால் இடையில் சின்னத் துண்டுத் தாள் வைக்க வேண்டும். படத்தின் அடியில் பின்புறமாக மெல்லிய மரச்சட்டம் ஒன்று ஒட்டினால் காற்றுக்குப் படபடக்காது. மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்தி, கிழக்குப் பக்கத்தைத் திறந்து விடுவதும் அதற்காகவே. சிறுவர் படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து 120 சென்ரிமீற்றரில், மற்றவை 145இல். வரைந்த பிள்ளை தன் படத்தை அண்ணாந்து பார்க்கக்கூடாது என்பது நல்ல முடிவு.

தாள்கள் சுருள்வதைத்தான் யாராலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை. பகலில் கச்சான் தாளை வறட்டும், மாலையில் கடற்காற்று ஈரம் கொடுக்கும். தடித்துப் பூசிய போஸ்டர் வர்ணம் காயும்போது சுருங்கி, தாளைத் தன் பக்கம் இழுக்கும். மெல்லிய டிமைத் தாளில் இது மோசம். சதுர மீற்றருக்கு 200 கிராமுக்குக் குறையாத தாள் வேண்டும். நீர்வர்ணம் என்றால் 300. சுருண்டதை நிமிர்த்த, படத்தின் பின்புறத்தை ஸ்பொஞ்சால் இலேசாக நனைத்து, வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, பலகையும் பாரமும் ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். பஸ்டல் படங்களுக்கு இந்த வைத்தியம் ஆகாது.

கம்பிகளில் துண்டுகளைத் தொங்கவிட்டுச் செய்யும் தொங்கு சிற்பங்கள்தான் இவ்வாண்டுக் கருப்பொருளுக்கு மிகப் பொருத்தம், அதிகம் பிழைப்பவையும் அவையே. கீழ்க்கம்பியிலிருந்து மேல்நோக்கிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் பாரமும் தூரமும் பெருக்கினால் இரு பக்கமும் சமமாக வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு புதுத் துண்டும் முழுவதையும் சாய்த்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டைத் தொங்கவிடும்போது, இரண்டின் நீண்ட கைகளையும் கூட்டிய தூரத்தைவிடச் சற்று அதிகமாக இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சுழன்று சிக்கும். ஃபேன் போட்ட மண்டபத்தில் அரை மணித்தியாலம் போதும் அதற்கு. குருத்தோலைக் காற்றாடிகளில் ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பின்னாமல் காய்ந்தபடி மடித்தவை விளிம்பில் வெடித்திருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும்.

மணல் ஓவியங்கள் ஒரு மூலையில். கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவி வெயிலில் காயவிடாமல் ஒட்டினால், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பசை இறுகாது, மேலே உப்புப் பூக்கும். கறுப்புப் பகுதிகளுக்குக் கனிம மணல். புல்மோட்டைப் பக்கத்துக் கரைகளை அறிந்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். அந்தக் கறுப்பு மணலான இல்மனைற் சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம், தாளில் நிற்காது. நான்கு மில்லிமீற்றர் பிளைவூட்டில்தான் ஒட்ட வேண்டும். பவளத் துண்டு ஒட்டிய படம் எதுவும் ஏற்கப்படுவதில்லை. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

பத்து மணிக்கு முன் போங்கள். அதற்குப் பிறகு வெக்கை ஏறும், கூட்டமும் ஏறும். பெயர்ச் சீட்டுகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன. அதில் பிள்ளையின் பெயரும் வயதும் மட்டும். படத்தைப் படம் எடுக்கலாம், பக்கத்தில் நிற்கும் பிள்ளையை எடுப்பதென்றால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு.

சில படங்கள் விற்பனைக்கு உண்டு. வாங்கினாலும் கண்காட்சி முடிந்த பிறகே கையில் தருவார்கள், எனவே பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒழுங்கு செய்வது நல்லது. நீர்வர்ணப் படத்தைச் சுருட்டலாம்: வர்ணப்பக்கம் வெளியே இருக்க, குறைந்தது பத்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில். தடித்த போஸ்டர் வர்ணத்தைச் சுருட்டினால் வெடிக்கும். எண்ணெய்ப் பஸ்டலை ஒருபோதும் சுருட்ட வேண்டாம். அது முழுதாகக் காய்வதே இல்லை. மேலே எண்ணெய்த் தாள் வைத்து, இரண்டு காட்போட்டுகளுக்கிடையே தட்டையாகக் கட்டி, பஸ்சில் எஞ்சின் மூடிக்கு எட்டத்தில் வையுங்கள். வீட்டில் சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நான்கு மில்லிமீற்றர் அளவு மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை விளிம்பு) கேளுங்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.